ரோடியர் மில் சங்கும் ஜூலை 30-ம்

எங்கள் கம்பெனி விடுப்புத் தாளில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் அதில் 'சொந்த வேலை' என்று எழுதிவிட்டுப் போவோம், யாரும் எதுவும் கேட்பதில்லை. 2025-ல் ஜூலை 30 புதன்கிழமை வந்தது. அரைநாள் விடுப்புக்கு எழுதும்போது என்னவோ தோன்றி, 'நினைவு நாள்' என்று எழுதிவிட்டேன்.

எச்.ஆர். பிரிவில் இருக்கும் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல பையன். தாளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அப்பாவுக்கா மேடம்?"

"இல்லப்பா. பன்னிரண்டு பேருக்கு."

அவன் முகம் மாறிவிட்டது. "ஐயோ, ஆக்ஸிடென்ட்டா?"

"துப்பாக்கிச்சூடு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "எங்க மேடம்? எப்ப?"

"பாண்டியில. 1936-ல."

ஒரு நொடி என்னையே பார்த்தான், அப்புறம் சிரித்துவிட்டான். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். "கொள்ளுத்தாத்தா காலத்துக்கெல்லாம் லீவு போட்டா என்னைத்தான் மேடம் கேப்பாங்க" என்றான். அரைநாள் கிடைக்கவில்லை, இரண்டு மணி நேரம் பர்மிஷன் கிடைத்தது.

நான் கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். பதினோரு வருஷமாகிறது. வீடு முதலியார்பேட்டை. காலை ஏழரைக்கு கார்டு தேய்த்தால் சாயங்காலம் ஏழரைக்குத்தான் மறுபடி தேய்ப்பது. தாளில் எட்டு மணி நேர வேலைதான். மிச்சத்துக்கு 'விருப்பத்தின் பேரில் ஓ.டி.' என்று பெயர். யாருடைய விருப்பம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும்தான்.

சரி, அந்தப் பையனிடம் சொல்ல நேரமில்லாததை இங்கே எழுதுகிறேன்.

1936-ல் பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. ஊரில் மூன்று பெரிய பஞ்சாலைகள்: சவானா, ரோடியர், கெப்ளே. பிற்பாடு சுதேசி, ஏ.எப்.டி., பாரதி என்று பெயர் மாறியவை இவைதான். எங்கள் வீட்டில் கடைசிவரை யாரும் ஏ.எப்.டி. என்று சொன்னதில்லை, ரோடியர் மில்லுதான். தாத்தா பதினாலு வயதில் அங்கே பாபின் எடுத்துப் போடும் பையன். இருட்டோடு போய் இருட்டோடு திரும்புவார். "வெயில் எப்படி இருக்கும்னு ஞாயித்துக்கெழமதான் பாப்பேன்" என்பார்.

சங்கம் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லாத காலம். அப்போது 25 வயதுதான் ஆகியிருந்த வ. சுப்பையா ஆலைக்காரர்களைத் திரட்டினார். அவர் 1934-ல் தொடங்கிய 'சுதந்திரம்' பத்திரிகையை, எழுத்துத் தெரிந்த ஒருத்தர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். அவர்கள் கேட்டது எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை, கூலி உயர்வு. வேலையை நிறுத்திவிட்டு ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஜூலை 30 அன்று பிரெஞ்சு போலீஸ் சுட்டது. பன்னிரண்டு தொழிலாளிகள் செத்துப்போனார்கள்.

கல்வெட்டில் வைக்க இது போதும். தாத்தாவிடம் கேட்டால் இவ்வளவு சுருக்கமாக வராது. ஒரு தடவை சொல்லும்போது, ரோடியரில் இருந்தவருக்கு சவானா பக்கமிருந்து சோளம் பொரிவது மாதிரி சத்தம் கேட்டது. இன்னொரு தடவை, உள்ளே உட்கார்ந்திருந்த அண்ணனுக்குக் கூழ்த் தூக்கு கொண்டுபோய்க்கொண்டிருந்தார். சுட ஆரம்பித்ததும் வாய்க்காலில் குப்புற விழுந்தார். தூக்கு கவிழ்ந்து கூழெல்லாம் சட்டையில். அந்தக் கூழ் காய்ந்து சட்டை விறைத்துப் போனதை, நெஞ்சுப் பக்கம் துணியைப் பிடித்து இழுத்துக் காட்டிச் சொல்வார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த இடத்தில் அவர் சட்டையைத் தொட்டுப் பார்ப்பேன்.

ஆயா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார். "இந்த மனுசன் அன்னிக்குக் காய்ச்சல்ல போத்திக்கிட்டுப் படுத்துக் கெடந்தாரு. எங்க மாமியாரே சொல்லியிருக்காங்க" என்பார். தாத்தா பதிலே பேச மாட்டார்.

நான் ஆயா கட்சி. முதலியார்பேட்டையில் தாத்தா வயதுக்காரர்களில் பாதிப் பேர் அன்று சவானா வாசலில் இருந்ததாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அத்தனை பேரும் இருந்திருந்தால் போலீசுக்கு நிற்க இடம் கிடைத்திருக்காது. ஆனாலும் 1993 அக்டோபரில் சுப்பையா இறந்தபோது, முழங்கால் வலியோடு தாத்தா நடந்தே போய் அஞ்சலி செலுத்திவிட்டு வந்தார். வந்து திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர்கூடக் கேட்காமல், "அந்தாளு இல்லன்னா நான் இருட்டுலயே செத்திருப்பேன்" என்றார். அன்று ஆயாவும் காய்ச்சல் கதையை எடுக்கவில்லை.

அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் இருக்கிறது. துப்பாக்கிச்சூட்டுக்கு மறு வருஷம் சுப்பையா பாரிஸ் வரை போய்ப் பேசினார். 1937 ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவுக்குத் தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலை, சங்க உரிமை. மேடையில் இதை 'ஆசியாவிலேயே முதன்முதலாக' என்பார்கள். எனக்கு ஆசியா வரைக்கும் போகத் தேவையில்லை, முள்ளோடையைத் தாண்டினால் போதும். அந்தப் பக்கம் கடலூர், அன்றைக்கு இங்கிலீஷ்காரன் எல்லை. 1934-ஆம் வருஷத்து பாக்டரிச் சட்டப்படி அங்கே ஆலைகளில் வாரம் 54 மணி நேரம், நாளுக்குப் பத்து. அது வாரம் 48-ஆகக் குறைய 1946-ல் திருத்தம் வர வேண்டியிருந்தது. ஒரே பேச்சு, ஒரே மீன் குழம்பு, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள். நடுவில் ஒரு எல்லை. இந்தப் பக்கம் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

நான் தினமும் அந்த எல்லையைக் காலை ஆறேகாலுக்குத் தாண்டுகிறேன். முள்ளோடை சாராயக் கடைகள் அப்போது மூடியிருக்கும்.

பாண்டியில் ஜூலை மாதத்துக்கு இன்னொரு நாளும் உண்டு. ஜூலை 14. எங்கள் தெருவில் ஒரு சொல்தா குடும்பம் இருக்கிறது. அந்தத் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பிரான்ஸ் பென்ஷன் வரும், வீட்டுச் சுவரில் எப்போதும் புது சுண்ணாம்பு. ஜூலை 13 ராத்திரி விளக்கு ஊர்வலம் போவார். மறுநாள் காலையில் கோட்டு போட்டு, மெடல்களை வரிசையாகக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைக்குக் கிளம்புவார். காந்தி சிலைக்கு எதிரே இருக்கும் பிரெஞ்சு போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பார்கள். இரண்டு நாட்டுக் கீதமும் பாடுவார்கள். அந்தச் சின்னம் முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் செத்த பிரெஞ்சிந்தியர்களுக்கு 1938-ல் எழுப்பியது. அவர்களும் நம்மூர்ப் பிள்ளைகள்தான், வயிற்றுப்பாட்டுக்குக் கப்பல் ஏறியவர்கள். அவர்களுக்கு வைக்கும் மாலையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அப்பாவுக்கு வரும். நான் ஆறாவது படிக்கும்போது என்னை சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போய்க் காட்டினார். "இது என்ன நாளு தெரியுமா? 1789-ல பாரிஸ் ஜனங்க பஸ்தீல் கோட்டைய ஒடச்ச நாளு. அங்க ஒடச்சவன் வீரன். இங்க மில்லுக்குள்ள சும்மா உக்காந்தவனுக்குக் குண்டு." அப்பா தறிப் பிரிவில் வேலை பார்த்தவர். நூற்றுக்கணக்கான தறிகள் ஓடும் கொட்டகையில் வருஷக்கணக்காக நின்று அவருக்குப் பாதி காது போய்விட்டது. அதனால் ரகசியம் என்று நினைத்துச் சொல்வதையும் கத்தித்தான் சொல்வார். மலர்வளையம் வைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சைக்கிளில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன்.

அப்பா சொன்னதில் பாதிதான் எனக்கு அன்று தெரியும். மீதியை வளர்ந்த பிறகு படித்தேன். அதே 1936 கோடையில் பிரான்சிலும் தொழிலாளிகள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துதான் போராடினார்கள். லெயோன் ப்ளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு ஜூனில் பதவிக்கு வந்தது. அந்த மாதமே அவர்களுக்கு 40 மணி நேர வாரமும், சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையும் சட்டமாகின. அங்கே குடும்பம் குடும்பமாக முதல் தடவையாகக் கடற்கரைக்கு விடுமுறை போன அதே கோடையில், அதே அரசாங்கத்தின் கீழ், அதே மாதிரி உட்கார்ந்த நம்மூர்க்காரர்களைச் சுட்டார்கள். பஸ்தீல் நாள் கொண்டாடி பதினாறு நாள்கூட முழுசாக ஆகவில்லை. இதை அப்பாவிடம் வந்து சொன்னபோது, பெரிதாக வியந்துவிடவில்லை. "கப்பல்ல வரும்போது சட்டம் கெட்டுப்போயிருக்கும், மீன் மாதிரி" என்றார்.

அப்பாவின் தினசரிக் காலண்டரில் நல்ல நேரம் பார்க்க மாட்டார். வருஷம் பிறந்ததும் சிவப்புப் பேனாவில் நாலு தாளில் வட்டம் போடுவார். மார்ச் 23 பகத்சிங். மே 1. ஜூலை 30. டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் அன்று பக்கத்து வீட்டில் கேக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அப்பா வாங்கிக்கொண்டு 'வெண்மணி' என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்வார். 1968-ல் அதே ராத்திரி கீழ்வெண்மணியில் குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். சொல்லிவிட்டுக் கேக்கையும் தின்பார். எங்கள் வீட்டில் தெவசம் என்றால் தாத்தாவுக்கு ஒன்று, இவர்களுக்கு நாலு என்று அம்மா சலித்துக்கொள்வார்.

ஜூலை 30 காலையில் அப்பா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை போடுவார். மில் வாசலில் கொடியேற்றுவார்கள், கேட் மீட்டிங் நடக்கும். பன்னிரண்டு பெயரையும் ஒவ்வொன்றாகப் படிக்க, கூட்டம் 'வீரவணக்கம்' சொல்லும். அப்பாவுக்கு மைக் சத்தம் சரியாகக் கேட்காது. ஆனால் படிப்பவர் வாயைப் பார்த்தே எந்தப் பெயர் என்று சொல்லிவிடுவார். தறிக்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. கொட்டகைக்குள் கத்தினாலும் கேட்காது என்பதால் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். எனக்கும் கற்றுக்கொடுத்தார். பரீட்சை ஹாலில் அது எனக்கு எவ்வளவு உதவியது என்பதை இங்கே எழுத வேண்டாம்.

அந்தப் பன்னிரண்டு பேரின் பேரால் எத்தனையோ பேசப்படுகிறது. நான் பார்க்கவே வாசலில் ஒரு கூட்டம் இரண்டாகி, மூன்றாகி, கொடிக்குக் கொடி தனி நேரம் ஒதுக்கிக்கொண்டார்கள். ஒரு சங்கத்தின் மாலை வாடுவதற்குள் அடுத்த சங்கத்தின் மாலை அதன் மேல் விழும். இன்னொரு பக்கம் அரசு விழாக்களில் இவர்கள் 'விடுதலைப் போராட்டத் தியாகிகள்' ஆகிவிடுகிறார்கள். முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆலைத் தொழிலாளிகள் திரண்டிருக்காவிட்டால் பிரெஞ்சிந்திய விடுதலை இயக்கத்துக்கு முதுகெலும்பு ஏது? 1954 அக்டோபரில் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்து 170 பேர் இந்தியா என்று சொன்னதற்கும், நவம்பர் 1-ல் கொடி மாறியதற்கும் பின்னால் அந்த ஆலை வாசல்களும் இருந்தன.

ஆனால் 1936 ஜூலையில் அந்த மனிதர்கள் உட்கார்ந்தது கொடி மாற்ற இல்லையே. மணி கேட்டார்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உனக்கு, எத்தனை எனக்கு என்ற கணக்கு. நாட்டுக்காக உயிர்விட்டார்கள் என்று சொல்லும்போது கேட்பவருக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. நாடு வந்தாகிவிட்டது, கணக்கு முடிந்தது. எட்டு மணி நேரத்துக்காகச் செத்தார்கள் என்று சொன்னால் மேடையில் இருப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டிவரும்.

எனக்கு அந்த எட்டு மணி நேரம் சட்டப் புத்தகத்தில் தெரிந்த விஷயம் அல்ல. ஏழு, மூன்று, பதினொன்று என்று மில் சங்கு ஊதும். அப்பா காலை ஷிப்டாக இருந்தால், மூன்று மணிச் சங்கு ஊதி இருபது நிமிஷத்தில் சைக்கிள் மணிச் சத்தம் தெருவில் கேட்கும். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். கிணற்றடியில் குளித்துவிட்டு, நாலு மணிக்கு வீட்டில் இருக்கும் அப்பா. அந்த நாலு மணியில் என்னை ரொமேன் ரோலன் நூலகத்துக்குக் கூட்டிப்போவார். அங்கே அவர் செய்தித்தாள் பக்கம் தூங்கிவிழுவார், நான் படக்கதை பார்ப்பேன். திரும்பும்போது கடற்கரையில் அரை மணி நேரம். நான் பத்தாவதில் கணக்கில் தேறியது அந்த நாலு மணியில்தான், திண்ணையில், அவர் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்து. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அந்தச் சத்தத்திலேயே படித்துக்கொண்டார்கள் என்று அம்மா சொல்வார்.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பது யூடியூப்.

மில்லின் கடைசிக் காலத்தைப் பற்றி அதிகம் எழுதப் பிடிக்கவில்லை. 2011 டிசம்பர் 30 'தானே' புயலில் கூரைகள் போயின, மிஷின்கள் நனைந்தன. அப்புறம் வருஷக்கணக்கில் லே-ஆஃப், பாதிச் சம்பளம். "செத்தவங்களுக்கு மாலை, உசுரோட இருக்கறவனுக்கு லே-ஆஃபு" என்று ஜூலை 30 காலைகளில் அம்மா சட்டையைத் தேய்த்துக்கொடுத்துக்கொண்டே சொல்வார். 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு ஏ.எப்.டி.யை மூடினார்கள். மறுநாள் மே தினம். ஊரடங்கு வேறு, யாரும் வாசலுக்குப் போய் நிற்கக்கூட வழியில்லை. அப்பா பாவம், காலண்டர் தாளைக் கிழிக்காமல் இரண்டு நாள் வைத்திருந்தார். 2022-ல் அவரும் போய்விட்டார். அவர் பெட்டியில் டோக்கன் நம்பர் போட்ட பித்தளை வில்லை ஒன்று இருந்தது. இப்போது அது என் வண்டிச் சாவியில் தொங்குகிறது.

2024-ல் புதிய பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டும்போது, தற்காலிக பஸ் ஸ்டாண்டை ஏ.எப்.டி. திடலில் போட்டார்கள். தகரக் கொட்டகை, மழை பெய்தால் சேறு. நான் பல நாள் அங்கேதான் கடலூர் பஸ் ஏறினேன். கண்டக்டர் 'ஏ.எப்.டி.யெல்லாம் எறங்கு' என்று கத்துவார். இறங்கும் கூட்டத்தைப் பார்த்தால் ஷிப்ட் விட்ட மாதிரியே இருக்கும்.

கடலூர்ப் பக்கம் நினைவுநாள்கள் வேறு மாதிரி. கம்பெனிக்குப் போகும் வழியில் முதுநகர் வருகிறது. அஞ்சலையம்மாள் பிறந்த ஊர். 1927-ல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்தில், சின்னப் பெண்ணான மகளையும் கூட்டிக்கொண்டு சிறைக்குப் போனவர். கர்ப்பிணியாகச் சிறையில் இருந்து, பிரசவத்துக்கு வெளியே வந்து, பெற்ற பிள்ளையோடு மறுபடி உள்ளே போனவர். 1961-ல் இறந்தார். நான் இந்த வழியில் போக ஆரம்பித்த வருஷங்களில் எங்கள் கம்பெனிப் பெண்களிடம் அவர் பெயரைச் சொன்னால், எந்தத் தெரு அஞ்சலை என்பார்கள். அப்புறம் காந்தி பூங்காவில் சிலை வந்தது. 2024 அக்டோபரில் விக்கிரவாண்டியில் விஜய் கட்சி மாநாட்டில் பெரியார், காமராசர் வரிசையில் ஆள் உயரத்தையும் தாண்டிய கட்-அவுட் வந்தது. மறுநாள் வேனில் எல்லாப் பெண்களுக்கும் அஞ்சலையம்மாளைத் தெரிந்திருந்தது. எந்தக் கட்சி வைத்தால் என்ன, பெயர் தெரிந்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன். ஸ்டோர்ஸில் என்னோடு இருக்கும் பெண் கேட்டாள்: "அவங்க எதுக்கு அக்கா ஜெயிலுக்குப் போனாங்க?" கட்-அவுட்டில் அது எழுதியிருக்கவில்லை.

அதே பெண்தான் 2023 ஏப்ரலில் என்னிடம் போனை நீட்டியவள். தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஏப்ரல் 21-ல் ஒரு மசோதா நிறைவேறியது. ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம். 1948-ஆம் வருஷத்து பாக்டரிச் சட்டம் நாளுக்கு 9, வாரத்துக்கு 48 என்று கட்டியிருந்த கயிற்றைத் தளர்த்துவது. எல்லாத் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. மூன்றாம் நாளே நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று முதலமைச்சரே திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சமூக ஊடகத்தில் எல்லோரும் வெற்றி வெற்றி என்று எழுதினார்கள். நானும் ஒரு சிவப்பு இதயம் போட்டேன். போட்டபோது மணி சாயங்காலம் ஆறே முக்கால், கம்பெனியில் நான் பன்னிரண்டாவது மணி நேரத்தில் இருந்தேன்.

சரி, இந்த ஜூலை 30-க்கு வருகிறேன்.

பர்மிஷனில் ஐந்தரைக்கு வெளியே வந்தேன். ஆல்பேட்டையில் நெரிசல், கன்னியகோயிலில் நெரிசல். மரப்பாலத்தில் பஸ் நின்றுவிட்டது, இறங்கி நடந்தேன். மில் வாசலுக்கு வந்தபோது ஏழு மணி. எல்லாம் முடிந்திருந்தது. கம்பத்தில் கொடி தொங்கியது. ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். படங்களுக்கு முன்னால் காலையில் போட்ட சாமந்தி கறுத்துக் கிடந்தது. அப்பாவோடு தறியில் நின்ற சித்தப்பா ஒருத்தர் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபது இருக்கும். காது அப்பாவைவிட மோசம்.

"என்னா பாப்பா, இம்மா நேரம்? ஒங்கப்பன் இருந்தா மொத வரிசையில நிப்பான்."

"இப்பத்தான் வேலை விட்டாங்க சித்தப்பா. பர்மிஷன் போட்டுத்தான் வந்தேன்."

"எத்தினி மணிக்கு ஏறுன?"

"ஏழரை."

அவர் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு விரல்களை மடக்க ஆரம்பித்தார். எட்டரை, ஒன்பதரை, பத்தரை. ஐந்தரையில் பத்து விரலும் தீர்ந்தன.

"பர்மிசன் போடலன்னா?"

"ஏழரை வரைக்கும்."

மடக்கிய விரல்கள் அப்படியே இருந்தன. வேறெதுவும் கேட்கவில்லை. ஒரு நாற்காலியை அடுக்கிலிருந்து எடுத்து எனக்குப் போட்டார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளைப் பிரித்தார். "நீ கேக்கலையே" என்று சொல்லிவிட்டு, வாசலைப் பார்த்து நின்றுகொண்டு முதல் பெயரைப் படித்தார்.

அந்த நேரம் பார்த்து ஏ.எப்.டி. ரயில்வே கேட்டை மூடினார்கள். மணி அடித்தது, இரண்டு பக்கமும் ஹாரன், ரயில் கடகடவென்று வந்தது. சித்தப்பாவுக்கு எதுவும் கேட்டிருக்காது, படித்துக்கொண்டே போனார். நான் எழுந்து அவர் முகம் தெரியும்படி எதிரே போய் நின்று உதட்டைப் பார்த்தேன். பன்னிரண்டும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் நிறுத்திய இடத்தில் நானும் வாயசைத்து வீரவணக்கம் சொன்னேன்.